ஹாலே நகரத்துக் கலைப் பல்கலைக்கழகம்: அதிகம் அறியப்படாத இடத்துக்கு விண்ணப்பிக்கும் முன் எப்படி விசாரிப்பது?

கேள்வி, 4 ஜூன் 2025

என் மகள் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் முதலாண்டை முடித்திருக்கிறாள். குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருட்களை வடிவமைக்கும் படிப்பைப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் உள்ள பூர்க் கீபிஷென்ஸ்டைன் என்ற கலைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே தனிப் படிப்பு இருப்பதாகச் சொல்கிறாள். உலகத் தரவரிசையின் முன்வரிசையில் அந்தப் பெயரைக் காணவில்லை. திருச்சியில் நாங்கள் பார்த்த ஆலோசகர் கேள்விப்பட்டதே இல்லை என்று கூறி, பெர்லினில் உள்ள ஒரு தனியார் கல்லூரியின் கையேட்டைக் கொடுத்தார். நாங்கள் விவசாயக் குடும்பம். இவ்வளவு தொலைவில் உள்ள ஒரு கல்லூரி உண்மையானதுதானா, நல்லதுதானா என்பதை இங்கிருந்தபடியே எப்படித் தெரிந்துகொள்வது?

4 ஜூன், இரவு

ஐயா, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் நிம்மதியாக உறங்கலாம். அது உண்மையான கல்லூரி, அரசுக் கல்லூரி, சாக்ஸனி-அன்ஹால்ட் மாநிலத்தைச் சேர்ந்தது. நான் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் சுடுமண் கலை படித்தவள். திருமணத்துக்குப் பின் லைப்சிக் நகரத்தில் வசிக்கிறேன். அங்கிருந்து ஹாலேக்கு ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம்தான்.

பானை வனைபவர்களிடம் கேட்டால் அந்தக் கல்லூரியின் பெயர் உடனே வரும். 1915இல் பவுல் தீர்ஷ் என்ற கட்டடக் கலைஞர் அந்நகரத்துக் கைத்தொழிற்பள்ளியின் பொறுப்பை ஏற்று, அதைக் கலையும் தொழிலும் ஒன்றாகக் கற்பிக்கப்படும் இடமாக மாற்றினார். 1925இல் வைமார் நகரத்திலிருந்து பவ்ஹவுஸ் என்ற புகழ்பெற்ற கலைப்பள்ளி வெளியேற்றப்பட்டபோது, அதன் புதிய இடமான டெஸ்ஸாவுக்குப் போகாத சிலர் ஹாலேக்கு வந்தார்கள். சிற்பி கெர்ஹார்ட் மார்க்ஸும் மட்பாண்டக் கலைஞர் மார்கரெட் ஃபிரீட்லேண்டரும் அவர்களில் முக்கியமானவர்கள். ஃபிரீட்லேண்டர் பெர்லின் அரசுப் பீங்கான் ஆலைக்காக வடிவமைத்த பாத்திரத் தொகுதிக்கு ஹாலேயின் பெயரையே சூட்டினார்கள். 1933இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் இருவருமே அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். மார்க்ஸ் செதுக்கிய பசுவும் குதிரையும் ஸாலே ஆற்றுப் பாலத்தில் இன்றும் நிற்கின்றன.

5 ஜூன்

ஒரு கல்லூரி அங்கீகாரம் பெற்றதா என்பதைச் சரிபார்க்க இரண்டு இடங்கள் உள்ளன. பலர் அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் பிரித்துச் சொல்கிறேன். ஜெர்மன் கல்லூரியைத் தேட வேண்டிய இடம் ஹோக்‌ஷூல்கொம்பாஸ் என்ற தளம். அந்நாட்டுப் பல்கலைக்கழகத் தலைவர்களின் கூட்டமைப்பே அதை நடத்துகிறது. அரசுக் கல்லூரியா, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் கல்லூரியா என்பதும், எந்தெந்தப் படிப்புகள் உண்மையில் நடக்கின்றன என்பதும் அதில் இருக்கும். ஆலோசகர் கொடுத்த பெர்லின் கல்லூரியின் பெயரையும் அதிலேயே தேடிப் பாருங்கள்.

அனாபின் என்பது வேறு. அது நம் ஊர்ப் பட்டத்தையும் பல்கலைக்கழகத்தையும் ஜெர்மனி எப்படி மதிக்கிறது என்பதைக் காட்டும் தரவுத்தளம். அதில் கும்பகோணம் கல்லூரியின் பெயரைத் தேடிப் பயனில்லை. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேட வேண்டும்.

ஆலோசகர் கேள்விப்படாததில் வியப்பு எதுவும் இல்லை. ஜெர்மனியின் அரசுக் கல்லூரிகள் மாணவரைச் சேர்த்துவிடுவதற்காக யாருக்கும் தரகுப் பணம் தருவதில்லை. கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகளில் பல அதைத் தருகின்றன. கையேடு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

9 ஜூன்

தரவரிசையைப் பற்றி ஈரோட்டு நண்பர் ஒருவர் நேற்று கேட்டிருந்தார். கலைத் துறைக்கான க்யூ.எஸ். பட்டியலின் பெரும்பகுதி, பேராசிரியர்களிடமும் நிறுவனங்களிடமும் கருத்துக் கேட்டுத் திரட்டப்படுவது. எத்தனை பேர் பெயரைச் சொன்னார்கள் என்பதை அது அளக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களே படிக்கும், ஜெர்மன் மொழியில் பாடம் நடத்தும் ஒரு கல்லூரியின் பெயர் உலகெங்கும் ஒலிக்க வாய்ப்பில்லை. அதன் சூளை எவ்வளவு நல்ல சூளை என்பதைப் பட்டியல் அளப்பதில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் பட்டறைகள். கல்லூரித் தளத்தில் பட்டறைகளுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறதா, ஒவ்வொரு பட்டறைக்கும் பொறுப்பான கைவினைஞர் ஒருவர் பெயரோடு குறிப்பிடப்பட்டிருக்கிறாரா என்று பார்ப்பேன். பேராசிரியர் வாரத்தில் சில நாட்களே வரக்கூடும். அச்சு வார்க்கும்போது விரிசல் விட்டால் அருகில் நின்று கைகொடுப்பவர் பட்டறைப் பொறுப்பாளர்தான். ஹாலேயில் மரம், உலோகம், பீங்கான், கண்ணாடி, துணி, புத்தகக் கட்டு என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. பொம்மை வடிவமைப்பு படிக்கும் பெண்ணுக்கு இவற்றில் பாதிக்கு மேல் தேவைப்படும்.

அடுத்தது, பாடத்திட்ட விதிகளும் தேர்வு விதிகளும் அடங்கிய ஆவணம். விளம்பரப் பக்கத்தில் யாரும் எதையும் எழுதலாம். சட்டப்படி வெளியிடப்படும் அந்த ஆவணத்தில் எந்தப் பருவத்தில் என்ன படிக்க வேண்டும், இறுதி வேலைக்கு எத்தனை மாதம் என்பது வரை இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டாவது அதை முழுமையாகப் படியுங்கள். அதன் பிறகு, படித்து முடித்தவர்களின் இறுதி வேலைகளைத் தொடர்ந்து சில ஆண்டுகளுக்குப் பாருங்கள். எல்லாம் ஒரே சாயலில் இருந்தால் அங்கே ஆசிரியரின் கை ஓங்கியிருக்கிறது என்று பொருள். ஒருவர் வேலையைப் போல் இன்னொருவர் வேலை இல்லை என்றால் மாணவருக்கு அங்கே மூச்சுவிட இடமிருக்கிறது.

10 ஜூன்

கட்டணம் குறித்து: ஜெர்மனியின் பெரும்பாலான அரசுக் கல்லூரிகளில் முதல் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு சிறு பங்களிப்புத் தொகை மட்டுமே உண்டு. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. எனவே நாட்டைப் பற்றிப் பொதுவாகக் கேட்காமல், மாநிலத்தையும் கல்லூரியையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

11 ஜூன்

மேலே கட்டணம் இல்லை என்று எழுதியதைப் பார்த்து இருவர் மகிழ்ச்சியோடு மறுமொழி இட்டிருக்கிறீர்கள். செலவே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விசாவுக்கு முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே செலுத்திக் காட்ட வேண்டும். இன்றைய மாற்று விகிதத்தில் அது 11 லட்சம் ரூபாயைத் தாண்டும். மாதம் 992 யூரோ வீதம் அந்தப் பணம் உங்கள் மகளுக்கே திரும்பிக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவே அவ்வளவு தொகையைத் திரட்டுவது எப்படிப்பட்ட பாரம் என்பது உங்களைப் போன்ற குடும்பத்தில் பிறந்த எனக்குத் தெரியும். ஹாலேயில் வாடகை மியூனிக்கைவிட மிகக் குறைவு என்பது ஓர் ஆறுதல். வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம் என்ற விதியை நம்பி முதலாண்டுக் கணக்கைப் போடாதீர்கள். மொழி பிடிபடும் வரை வேலை கிடைப்பது கடினம்.

18 ஜூன்

நுழைவுத் தகுதி. பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் முடித்த இந்திய மாணவரை ஜெர்மனி பொதுவாக நேரடியாகச் சேர்ப்பதில்லை, ஓராண்டு ஆயத்தக் கல்லூரிக்கு அனுப்புகிறது. அங்கீகாரம் பெற்ற இந்தியப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டை வெற்றிகரமாக முடித்தவருக்கு அதே துறையில் வழி திறக்கிறது. உங்கள் மகள் முதலாண்டை முடித்திருப்பது இந்த வகையில் பெரிய நன்மை. தேர்வு முடிவுகளையும் மதிப்பெண் பட்டியலையும் பல்கலைக்கழக முத்திரையோடு இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய வாசல், படைப்புக் கோப்பு. கலைக் கல்லூரிகளில் மதிப்பெண்ணைவிட அதற்கே எடை அதிகம். கோப்பில் தேறியவர்களையே அடுத்த கட்டத் திறனறித் தேர்வுக்கு அழைப்பார்கள். என் தம்பி சென்ற ஆண்டு இங்குள்ள ஒரு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, மாதக்கணக்கில் உழைத்து வரைந்த உருவப்படங்களை அனுப்பினான். ஒவ்வொன்றும் புகைப்படம் போல் இருந்தது. கோப்பு திரும்பி வந்துவிட்டது. பிறகு ஒரு ஆசிரியர் பொறுமையாக எழுதிய மடலில், கை பழகியிருப்பது தெரிகிறது, கண் எதைத் தேடுகிறது என்பது தெரியவில்லை என்ற பொருளில் குறிப்பிட்டிருந்தார். அந்த மடல் அவனுக்கு வலித்தது. எனக்கும் வலித்தது, ஏனெனில் நம் கல்லூரிகளில் அந்தக் கைப்பழக்கத்தைத்தான் நாங்கள் பெருமையோடு கற்றோம். அந்தப் பயிற்சியை நான் இன்றும் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் இங்கே கோப்பைப் பார்ப்பவர்கள் தோற்றுப்போன முயற்சிகளையும், குறிப்பேட்டின் கசங்கிய பக்கங்களையும், ஒரே பொருளை நான்கு விதமாகச் செய்து பார்த்த தடயங்களையும் தேடுகிறார்கள்.

உங்கள் மகளிடம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்றை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் களிமண் எவ்வளவு கனம், மேலே காகிதக் கூழ் எவ்வளவு மெல்லியது, கனத்தைச் சற்று நகர்த்தினால் ஆட்டம் எப்படி மாறுகிறது என்று அவள் வரைந்தும் செய்தும் பதிவு செய்தால், அந்தச் சில பக்கங்கள் நூறு உருவப்படங்களுக்கு ஈடாகும்.

20 ஜூலை

இந்த மாதம் நடந்த ஆண்டுக் கண்காட்சிக்கு உங்கள் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே போய் வந்தேன். ஒவ்வொரு ஜூலையிலும் கல்லூரி தன் கூடங்களையும் பட்டறைகளையும் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறது. வடிவமைப்புத் துறை நகரத்துக்குள் ஒரு வளாகத்திலும், கலைத் துறை ஆற்றை ஒட்டிய பழைய கோட்டையின் கீழ்ப்பகுதியிலும் இயங்குகின்றன.

பொம்மை வடிவமைப்புப் பிரிவில் ஒரு மேசைக்கு அருகே வெகு நேரம் நின்றேன். மரத்தாலான வளைந்த துண்டுகள் சில இருந்தன. நான்கு வயதிருக்கும் ஒரு சிறுவன் அவற்றை அடுக்காமல், ஒன்றைக் காதில் வைத்துத் தொலைபேசியாக்கிக்கொண்டான். அந்தத் துண்டுகளைச் செய்த மாணவி அவனைத் திருத்தவில்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. சற்றுத் தள்ளி அமர்ந்து தன் குறிப்பேட்டில் எதையோ எழுதினாள். பிறகு நான் கேட்டபோது ஏட்டைத் திறந்து காட்டினாள். எந்தக் குழந்தை எந்தத் துண்டை முதலில் எடுத்தது, எதை வாயில் வைத்தது, எங்கே சலித்துப்போனது என்று பக்கம் பக்கமாக இருந்தது. விளிம்பை எத்தனை மில்லிமீட்டர் உருட்ட வேண்டும் என்பதை அந்தக் குறிப்புகளிலிருந்துதான் முடிவு செய்தாளாம். உங்கள் மகள் எதைத் தேடிப் போகிறாள் என்பது அப்போது எனக்குத் தெளிவாகியது.

அந்த வட்டாரமே இந்தப் படிப்புக்குப் பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உலகமெங்கும் கிண்டர்கார்ட்டன் என்று வழங்கும் பள்ளியைத் தோற்றுவித்த ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல், பக்கத்து மாநிலமான தூரிங்கியாவின் பாட் பிளாங்கன்பூர்க்கில்தான் 1837 முதல் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருட்களை உருவாக்கினார். அதே தூரிங்கியாவில் பொம்மைத் தொழிலுக்குப் பேர் பெற்ற ஸோனபெர்க் இருக்கிறது. சாக்ஸனியின் மலைப்பகுதியில் மரப்பொம்மை கடையும் ஸைஃபன் இருக்கிறது.

22 ஜூலை

பெண் பிள்ளையின் பாதுகாப்பு பற்றித் தாயார் கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மறைக்காமல் எழுதுகிறேன். 2019 அக்டோபர் 9 அன்று ஹாலேயின் யூத வழிபாட்டு இல்லத்தைத் தீவிர வலதுசாரி ஒருவன் துப்பாக்கியோடு தாக்க முயன்றான். கதவு தாங்கியதால் உள்ளிருந்தவர்கள் தப்பினார்கள். வெளியே இருவர் கொல்லப்பட்டார்கள். குடியேறியோரை எதிர்க்கும் அரசியலுக்கு அந்த மாநிலத்தில் வலுவான ஆதரவு இருக்கிறது. கல்லூரியைச் சுற்றியுள்ள பகுதிகளில் மாணவர் கூட்டம் மிகுதி, நான் மாலையிலும் அச்சமின்றி நடந்திருக்கிறேன். நகர எல்லையைத் தாண்டிய சிற்றூர்களின் ரயில் நிலையங்களில் இரவு நேரத்தில் தனியாகக் காத்திருக்க நான் விரும்ப மாட்டேன். டிராமில் முறைத்துப் பார்ப்பவர்களைச் சந்தித்திருக்கிறேன், அவர்களைக் கண்டித்து என் பக்கத்தில் வந்து அமர்ந்தவர்களையும் சந்தித்திருக்கிறேன். அங்கே படிக்கும் வெளிநாட்டுப் பெண்களிடம் உங்கள் மகளே நேரடியாகப் பேச வேண்டும். கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதித் தொடர்பு கேட்கலாம். மாணவர் பேரவைக்கும் எழுதலாம்.

3 ஆகஸ்ட்

மொழியைப் பற்றி இதுவரை நான் போதிய அழுத்தம் தரவில்லை. இந்தக் கல்லூரியைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிய மலை. வகுப்பும் விமர்சனக் கூட்டமும் ஜெர்மனில் நடக்கின்றன. சுவரில் மாட்டிய வேலையைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்று பேசும்போது, ஏன் இப்படிச் செய்தாய் என்ற கேள்விக்கு அந்த மொழியில் பதில் சொல்ல வேண்டும். இத்தகைய படிப்புகளுக்குப் பரவலாகக் கேட்கப்படும், சரளமாக உரையாடும் அளவிலான பி2 என்ற மொழித்திறன் நிலையை அடைய, முழு மூச்சாகப் படித்தாலும் ஓராண்டுக்குக் குறையாமல் ஆகும். ஜெர்மன் மொழி கற்பிக்கும் சென்னை கோதே நிறுவனத்தின் தேர்வு பல இடங்களில் ஏற்கப்படுகிறது. கும்பகோணத்திலிருந்து இணைய வழி வகுப்பில் சேர்ந்து, தேர்வுக்கு மட்டும் சென்னை போகலாம்.

8 ஆகஸ்ட்

மேலே எழுதிய பிறகு ஓர் எண்ணம் விடாமல் துரத்துகிறது. இவ்வளவு மொழிப் பயிற்சியும் பணமும் தேவைப்படும் வழியைச் சொல்லும்போது, பக்கத்தில் இருப்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நம் நாட்டிலேயே தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் காந்திநகர் வளாகத்தில் பொம்மை, விளையாட்டு வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. உங்கள் மகள் கும்பகோணத்தில் பட்டத்தை முடித்துவிட்டு அதற்கும் ஹாலேயின் முதுநிலைப் படிப்புக்கும் ஒருசேர விண்ணப்பிக்கலாம். பட்டதாரியானால், கலை, வடிவமைப்புத் துறையினருக்கென்று ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் வழங்கும் முதுநிலை உதவித்தொகைக்கும் முயலலாம். இப்போதே போவதா, பட்டத்துக்குப் பின் போவதா என்று கேட்டால் நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். அந்த மூன்று ஆண்டுகள் மொழிக்கும் போதும், கோப்புக்கும் போதும், பணம் சேர்க்கவும் சற்று அவகாசம் கிடைக்கும். ஆனால் அந்த மேசையருகே நான் கண்ட மாணவிக்குப் பத்தொன்பது வயதுதான் இருக்கும் என்பதும் நினைவுக்கு வருகிறது. அவ்வளவு இளமையில் அந்தப் பழக்கம் கையில் படிவதற்குத் தனி மதிப்பு உண்டு. இதில் தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கில்லை, உங்கள் மகளிடம் இரண்டு வழிகளையும் எடுத்து வையுங்கள்.

14 செப்டம்பர்

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியர் எழுப்பிய கேள்வி மிக முக்கியமானது: திரும்பி வந்தால் இந்தப் பட்டம் இங்கே செல்லுமா? வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தன்மை வழங்குவது குறித்துப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஏப்ரலில் புதிய விதிமுறைகளை வெளியிட்டது. அரசுக் கல்லூரியில் ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் அவற்றை இப்போதே படித்துவிட வேண்டும். ஹாலேயில் கலைப் பிரிவுகள் ஐந்தாண்டு டிப்ளோம் பட்டத்தில் முடிகின்றன. நம் ஊரில் டிப்ளமா என்றதும் நினைவுக்கு வரும் பாலிடெக்னிக் சான்றிதழ் அல்ல அது, முதுநிலைக்கு நிகராக ஜெர்மனியில் கருதப்படுவது. இதை நம் ஊர் அலுவலகங்களில் விளக்கும் கடமை பட்டதாரியின் தலையில் விழும். வடிவமைப்புப் பிரிவுகள் இளநிலை, முதுநிலை என்றே பிரிந்திருப்பதால் உங்கள் மகளுக்கு அந்தச் சிக்கல் வராது.

தரவரிசை பற்றி ஜூனில் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். கல்வித் தரத்தை அளக்க அது உதவாது என்பதில் இன்றும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் சில உதவித்தொகைகளும் சில வங்கிக் கடன்களும் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கே வழங்கப்படுகின்றன. கடனை நம்பியிருந்தால் வங்கியில் கல்லூரியின் பெயரை எழுதிக் கொடுத்து எழுத்திலேயே பதில் கேளுங்கள்.

5 அக்டோபர்

உங்கள் மகள் கல்லூரிக்குத் தானே ஜெர்மனில் மடல் எழுதினாள் என்றும், கோப்பு ஆலோசனைக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது என்றும் அறிந்து மனம் நிறைந்தது. விண்ணப்பிக்கும் முன்பே ஆசிரியர் ஒருவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லும் அந்த வாய்ப்பை வெளிநாட்டு மாணவர்களில் பலர் பயன்படுத்துவதே இல்லை. இணைய வழியில் நடத்த முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். பேசும்போது மூன்று கேள்விகளை அவள் கேட்க வேண்டும்: முதலாண்டில் பட்டறைகளுக்குள் எப்போது அனுமதிப்பார்கள், ஓர் ஆசிரியரிடம் எத்தனை மாணவர்கள் இருப்பார்கள், மொழிச் சான்றிதழை விண்ணப்பத்தோடு தர வேண்டுமா அல்லது சேரும்போது தந்தால் போதுமா.

6 அக்டோபர்

ஒன்று விடுபட்டுவிட்டது. இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன் ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ் சரிபார்ப்பைப் பெறுவது 2022 நவம்பர் முதல் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். கல்லூரி முடிவு வரும்வரை அதற்காகக் காத்திருந்தால் அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்தைத் தவறவிட நேரும். இந்த ஆண்டே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தால், மதிப்பெண் பட்டியல்கள் கைக்கு வந்த வாரத்திலேயே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். பெயரின் தலைப்பெழுத்து பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் தடைப்படுகின்றன.